ஆயுள் சந்தா வருமானமல்ல

பொறியாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் புரட்டுவது வரவு செலவுப் பக்கத்தைத்தான். உபரியா, பற்றாக்குறையா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். சங்கத்தின் உடல்நிலை அந்தப் பக்கத்தில் தெரியாது. ஐந்தொகைக்கு (பேலன்ஸ் ஷீட்) போங்கள். பொறுப்புகள் பக்கத்தில் ‘ஆயுள் சந்தா நிதி’ (வாழ்நாள் உறுப்பினர்கள் ஒரே தடவையாகக் கட்டிய பணம்) என்று தனித் தலைப்பு இருக்கிறதா? சொத்துகள் பக்கத்தில் அதற்கு ஈடான வங்கி வைப்பு இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால், இன்று சேர்கிறவரின் பணத்தில்தான் அன்று சேர்ந்தவருக்கு இதழ் போய்க்கொண்டிருக்கிறது. புதிய உறுப்பினர் வரத்து ஒரு வருடம் குறைந்தால் போதும், அது வெளியே வந்துவிடும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஆயுள் சந்தா 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதிலுக்குச் சங்கம் ஆண்டுக்கு நான்கு இதழ் அனுப்புகிறது. அச்சு, உறை, தபால் எல்லாம் சேர்த்து இதழுக்கு 80 ரூபாய், ஆண்டுக்கு 320. வைப்புக்கு 7 சதவீத வட்டி என்றால் 420 ரூபாய் வருகிறது. நூறு ரூபாய் மிச்சம். காகிதமும் தபாலும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் ஆறாம் ஆண்டில் அதே நான்கு இதழுக்கு 428 ரூபாய் ஆகிறது, வட்டியைத் தாண்டிவிட்டது. முதல் ஐந்தாண்டு மிச்சத்தை ஒரு பைசா தொடாமல் வைப்பிலேயே சேர்த்திருந்தால் பதினோராம் ஆண்டு வரை தாக்குப்பிடிக்கலாம். பன்னிரண்டாம் ஆண்டில் அசலில் கை வைக்க வேண்டும். இருபத்திரண்டாம் ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் தீர்ந்து நூற்றுச் சொச்சம்தான் மிஞ்சும். 35 வயதில் சேர்ந்தவருக்கு அப்போது 57 வயது. ஆயுள் என்று எழுதிக்கொடுத்த சங்கத்தால் அவர் பணிஓய்வு வரைகூட ஓட்ட முடியவில்லை. இவ்வளவும் பணத்தைப் பத்திரமாக வைத்திருந்த சங்கத்தின் கதை. வந்த ஆண்டே வருமானம் என்று எழுதிச் செலவழித்த சங்கத்தில் இரண்டாம் ஆண்டுக்கே ஒன்றும் கிடையாது.

இதற்கான விதி புதிதும் அல்ல. இந்தியக் கணக்கியல் தரநிலை 9-இன் பின்னிணைப்பிலேயே இருக்கிறது: சந்தா வெறும் உறுப்பினர் தகுதியை மட்டும் தந்து மற்றச் சேவைகளுக்குத் தனியாகக் காசு வாங்கினால், வந்த ஆண்டே வருமானமாக எடுக்கலாம். இதழோ வேறு சேவைகளோ அந்தச் சந்தாவுக்குள் அடக்கம் என்றால், அவை தரப்படும் காலத்துக்கு ஏற்பப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். நடைமுறையில் செய்யக்கூடியது: 20 ஆண்டு என்று ஒரு காலத்தைச் செயற்குழுத் தீர்மானமாக வைத்து, ஆண்டுக்கு இருபதில் ஒரு பங்கை மட்டும் வருமானத்துக்குக் கொண்டுபோவது. மேலே உள்ள 6,000-இல் 300. மீதி நிதியில் கிடக்கும். காலத்தை ஆண்டுக்கு ஆண்டு மாற்றக் கூடாது.

அகில இந்தியச் சங்கங்களின் கிளைகளில் இதே தவறு வேறு உருவத்தில் நடக்கிறது. தலைமையகம் ஆயுள் சந்தாவை வாங்கிக்கொண்டு கிளைக்கு ஒரே தடவையாக ஒரு பங்கை அனுப்பும். கிளை அதை அந்த ஆண்டுப் பொறியாளர் தின விழாவுக்குச் செலவழித்துவிடும். அந்த உறுப்பினருக்கு அடுத்த முப்பது ஆண்டும் கூட்ட அழைப்பு, தேநீர், தேர்தல் சீட்டு எல்லாம் கிளைதான் தர வேண்டும். ஆகவே அந்தப் பங்கையும் நிதியாகவே வையுங்கள். என்னைக் கேட்டால் அச்சிதழை ஆயுள் சந்தாவிலிருந்து பிரித்துவிட வேண்டும்: மின்னிதழ் எல்லோருக்கும், அச்சிதழ் வேண்டுகிறவர்களுக்கு ஆண்டுக் கட்டணம். ‘ஆண்டுச் சந்தாவைப் போல் பத்து மடங்கு’ என்று கண்ணை மூடிக்கொண்டு ஆயுள் சந்தாவை நிர்ணயிப்பதையும் விட்டுவிடலாம்.

இனி ரசீது. சங்கக் கணக்கில் பாதிப் பிழை ரசீதுப் புத்தகத்தில்தான் பிறக்கிறது. ‘பெற்றுக்கொண்டோம், ரூ.50,000, நன்றியுடன்’ என்று ஓர் அடிக்கட்டை இருக்கும். கருத்தரங்க வாசலில் கூட்டத்துக்கு நடுவே எழுதியது. ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்பார்: இது நன்கொடையா, ஸ்பான்சரா, கண்காட்சி அரங்கு வாடகையா, ஐந்து பேருக்கான பதிவுக் கட்டணமா? பணம் ஒன்றுதான், எந்த வகை என்பதைப் பொறுத்து வரி மாறும். எதையும் எதிர்பார்க்காமல் கொடுத்தால் நன்கொடை; பதிவுபெற்ற சங்கம் வருமான வரிச்சலுகைக்கான 80ஜி சான்று தரலாம், ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. மேடையில் கம்பெனி சின்னத்தைப் போட்டால் அது நன்கொடை அல்ல, ஸ்பான்சர். மூலதன நிதிக்கு (அசலைத் தொடாமல் வைக்கும் நிதி) என்று கொடுத்தால், கொடுத்தவர் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். நாமாக ரசீதில் எழுதிக்கொண்டால் செல்லாது. ஆயுள் சந்தாவும் வரிச் சட்டத்தின் கண்ணில் தானாக மூலதன நன்கொடை ஆகிவிடாது. புத்தகத்தில் நிதியாக வைப்பது ஒன்று, வரிக் கணக்கில் காட்டுவது வேறொன்று. முதல் ஆண்டே ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவெடுத்து, பிறகு அதை மாற்றாமல் இருங்கள். ரசீதிலேயே ‘வகை’ என்று ஒரு கட்டம் அச்சடித்து இந்த வகைகளையெல்லாம் போட்டுவிட்டால் டிக் அடிக்கும் வேலைதான்.

ஜிஎஸ்டி பற்றிச் சங்கங்களில் உலவும் நம்பிக்கைகளில் மூன்று கையைக் கடிக்கும். முதலாவது, ‘நாங்கள் வருமான வரிச் சட்டத்தில் 12ஏபி பதிவு பெற்ற அறநிறுவனம், எங்களுக்கு ஜிஎஸ்டி இல்லை.’ அந்த விலக்கு பொதுச் சுகாதாரம், சமயம், யோகா, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, ஆதரவற்றோர் போன்ற சில பிரிவினருக்கான கல்வி, பயிற்சி எனக் குறிப்பிட்ட சில செயல்களுக்கு மட்டும். வெல்டிங் ஆய்வாளர் பயிற்சியோ கான்கிரீட் கலவை வடிவமைப்புப் பட்டறையோ அதில் வராது. இரண்டாவது, ‘எங்கள் கிளை வரவு 6 லட்சம்தான், 20 லட்சம் தாண்டவில்லை.’ வரம்பு கிளைக்கு அல்ல, பான் எண்ணுக்கு. நாடு முழுக்க உள்ள கிளைகள் ஒரே பான் எண்ணில் இருந்தால் எல்லோருடைய வரவும் கூட்டித்தான் பார்க்கப்படும். மூன்றாவது, ‘உறுப்பினரிடம் வாங்குவது நமக்கு நாமே கொடுத்துக்கொள்வது.’ 2019-இல் உச்ச நீதிமன்றம் கல்கத்தா கிளப் வழக்கில் பழைய விற்பனை வரி, சேவை வரிகளைப் பொறுத்து அப்படித்தான் சொன்னது. அதன்பின் 2021 நிதிச் சட்டம், 2017 ஜூலை 1 முதல் பின்தேதியிட்டு, சங்கமும் உறுப்பினரும் வேறு வேறு ஆள் என்று ஜிஎஸ்டி சட்டத்தில் எழுதிவிட்டது. 2025 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதை நம்பித் தமிழ்நாட்டில் ஒரு பொருளாளர் தானாக வரியை நிறுத்தக் கூடாது.

உண்மையிலேயே உள்ள சலுகை வேறு. தொழில், அறிவியல், கல்வி போன்றவற்றை வளர்க்கும் அமைப்பு தன் உறுப்பினருக்குத் தரும் சேவைக்கு, ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரையிலான உறுப்பினர் கட்டணத்துக்கு வரி இல்லை. ஆண்டுச் சந்தாவை 900-த்திலிருந்து 1,100 ஆக்க நினைக்கும் சங்கம் இந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு முடிவெடுப்பது நல்லது.

ஸ்பான்சர் விஷயத்தில் சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்பதே வரியைத் தீர்மானிக்கிறது. எல்லாச் சங்கங்களும் ஒரே குடும்பம் அல்ல. இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920-இல் சென்னையில் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவாகி 1935-இல் அரச சாசனம் பெற்றது. இன்று தொடங்குகிறவர்கள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இலோ, கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவிலோ பதிவு செய்கிறார்கள். சங்கமாகப் பதிவானது ஒரு கம்பெனியிடம் ஸ்பான்சர் வாங்கினால், 18 சதவீத வரியை அந்தக் கம்பெனியே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். நாம் பில்லில் வரி போடக் கூடாது. 8-ஆம் பிரிவு கம்பெனியாக இருந்தால் 2025 ஜனவரி 16 முதல் நாமே பில்லில் போட்டு வசூலித்துக் கட்ட வேண்டும். கண்காட்சி அரங்கு வாடகை ஸ்பான்சரில் சேராது. அதற்கு எப்போதும் நாம்தான் வரி போட வேண்டும். ‘பிளாட்டினம் ஸ்பான்சர்: மேடைச் சின்னம், ஒரு அரங்கு, ஐந்து இலவசப் பதிவு, மொத்தம் 2 லட்சம்’ என்று ஒரே வரியில் விற்கும்போது இந்தப் பிரிப்பெல்லாம் குழம்பிப்போகிறது. கடிதத்திலேயே மூன்றுக்கும் தனித்தனி விலை எழுதுங்கள். இன்னொன்று: ஸ்பான்சர் கொடுப்பவரே வரி கட்டும் தொகை, நம் உள்ளீட்டு வரிக் கணக்கில் (நாம் வாங்கியவற்றுக்குக் கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் கணக்கு) விலக்குப் பெற்ற வரவாக எண்ணப்படும். அந்த விகிதத்துக்கு, கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது கருத்தரங்கம். சங்கத்தின் பெயரையும் பணத்தையும் ஒரே நேரத்தில் பெருக்கவும் கரைக்கவும் வல்லது இதுதான். இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கம் ஒன்றுக்கு மாதிரிக் கணக்கு போடுவோம். ஆள் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவு: அரங்கமும் ஒலி ஒளியும் 1,20,000, ஆறு பேச்சாளர்களின் பயணமும் தங்கலும் 90,000, கட்டுரைத் தொகுப்பும் பதாகைகளும் 40,000, நினைவுப்பரிசு 20,000, எதிர்பாராதது 30,000. கூட்டினால் 3 லட்சம். தலைக்கு ஆகும் செலவு: இரண்டு மதிய உணவு, நான்கு தேநீர், ஒரு இரவு விருந்துக்கு 1,400, பை, குறிப்பேடு, அடையாள அட்டைக்கு 350. ஆக 1,750. கட்டணம் மாணவருக்கு 1,000, உறுப்பினருக்கு 2,500, மற்றவருக்கு 3,500. வந்தவர்கள் 80, 70, 30 என்றால் வசூல் 3,60,000. 180 பேருக்கான தலைச்செலவு 3,15,000. மிச்சம் 45,000. மூன்று லட்சத்துக்கு இன்னும் 2,55,000 குறைகிறது; அதை ஸ்பான்சர்தான் நிரப்ப வேண்டும்.

இந்தக் கணக்கில் மாணவர் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். கட்டணம் 1,000, செலவு 1,750. ஒரு மாணவர் வந்தால் 750 ரூபாய் குறைகிறது. 80 பேருக்கு 60,000. மாணவருக்குச் சலுகை தருவது சங்கத்தின் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கடைசி வாரத்தில் ‘கூட்டம் குறைவாக இருக்கிறது, பக்கத்துக் கல்லூரியிலிருந்து 60 பேரை வரச் சொல்லுங்கள்’ என்று ஒருவர் போன் போடுவார் பாருங்கள், அந்த ஒரு போனுக்கு 45,000 ரூபாய் ஆகிறது. மாணவர் இடங்களுக்கு முன்கூட்டியே ஓர் எண்ணிக்கை வைத்து, அந்த 60,000-த்தை ‘மாணவர் உதவி’ என்று பட்ஜெட்டில் வெளிப்படையாக எழுதினால் அதற்கென்றே ஒரு ஸ்பான்சர் கிடைப்பார். மறைத்து வைத்தால் அது வெறும் நஷ்டம்.

கல்யாண வீட்டு இலைக்கணக்குப் போலவே இங்கேயும் தட்டுக்கணக்கு ஏமாற்றும். பதிவு 180 என்றால் சாப்பிடுவது 180 பேர் அல்ல. ஸ்பான்சரின் இலவசப் பதிவுகள், பேச்சாளர்கள், செயற்குழு, தன்னார்வ மாணவர்கள், ஓட்டுநர்கள் என்று 40 தட்டு கூடும். தலைக்கு 1,400 வீதம் 56,000. அதற்கு மேலே உள்ள பட்ஜெட்டில் இடமே இல்லை. கேட்டரிங்காரர் குறைந்தபட்சம் இத்தனை தட்டு என்று உறுதி கேட்பார். வந்தாலும் வராவிட்டாலும் அந்த எண்ணிக்கைக்குப் பில் வரும். இரண்டாம் நாள் மதியம் கூட்டம் கரைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே உறுதி எண்ணிக்கையை வேளைவாரியாகப் பேசுங்கள்: முதல் நாள் மதியத்துக்கு ஒன்று, இரண்டாம் நாள் மதியத்துக்கு அதைவிடக் குறைவாக இன்னொன்று. வேளைக்கு ஒரு நிறத்தில் சீட்டு அடித்து, பந்தி வாசலில் வாங்கி, அன்றே எண்ணிக் கேட்டரிங்காரரின் கையெழுத்தோடு உறையில் போட்டு வைத்தால் பில் வரும்போது வாக்குவாதம் இருக்காது. உணவு பில்லில் ஜிஎஸ்டியும் சேர்ந்து வரும், அது திரும்பக் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதையும் செலவாகவே எழுதுங்கள்.

அறிவிப்பில் ‘கட்டணம் ரூ.2,500’ என்று மட்டும் அச்சாகிவிட்டால் அதற்குள் வரியும் அடக்கம் என்றுதான் பொருள்படும். மொத்த வசூலான 3,60,000-இல் 54,915 ரூபாய் வரியாகப் போய்விடும். ‘ஜிஎஸ்டி தனி’ என்ற இரண்டு சொல்லின் விலை அது. இணையவழிக் கட்டணத்தில் கட்டண நிறுவனம் தன் கமிஷனைக் கழித்துக்கொண்டுதான் வங்கிக்கு அனுப்பும். வங்கியில் விழுந்ததை வரவாக எழுதக் கூடாது. முழுக் கட்டணத்தை வரவாகவும் கமிஷனைச் செலவாகவும் எழுத வேண்டும்.

ஸ்பான்சர் வாக்குக் கொடுத்தால் பணம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கம்பெனி கொள்முதல் பிரிவில் சங்கத்தின் பெயருக்கு வெண்டர் கோடு என்ற பதிவு எண் உருவாக வேண்டும். அதற்குப் பான், ஜிஎஸ்டி சான்று, ரத்துசெய்த காசோலை, பதிவுச் சான்று கேட்பார்கள். பிறகு பி.ஓ. (கொள்முதல் ஆணை), பிறகு பில், பிறகு 45 அல்லது 60 நாள். கருத்தரங்கம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் வரும், அதிலும் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்தது போக. அரங்கத்துக்கும் கேட்டரிங்காரருக்கும் முன்பணமோ முன்கூட்டியே தர வேண்டும். இந்த இடைவெளிக்குச் சங்கம் தன் நிதியிலிருந்து முன்பணம் தரலாம். ஆயுள் சந்தா வைப்பை உடைத்துத் தரக் கூடாது. பட்ஜெட்டில் பி.ஓ. வந்த தொகையை மட்டும் எழுதுங்கள், ‘பார்த்துக்கலாம் சார்’ என்றவர்களை அடிக்குறிப்பில் வையுங்கள்.

கருத்தரங்கத்தை நடத்தும் கன்வீனரின் சொந்தக் கணக்கில் கருத்தரங்கப் பணம் விழுவது எந்த நிலையிலும் கூடாது. சங்கத்தின் பெயரில், சங்கத்தின் பான் எண்ணில், இரண்டு கையெழுத்தோடு தனிக் கணக்கு. முடிந்து 90 நாளில் கணக்கை மூடி மிச்சத்தைத் தாய்க் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரித் துறை அறச்செலவாக ஏற்காது. டிடிஎஸ் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காவிட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் அறச்செலவுக் கணக்கில் சேராது.

வெளிநாட்டுப் பேராளர் கட்டும் பதிவுக் கட்டணம் கட்டணம்தான். வெளிநாட்டு அமைப்பு ‘உங்கள் நிகழ்ச்சிக்கு உதவி’ என்று அனுப்பும் பணம் வேறு. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், அதற்கென்று புதுதில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் கணக்கும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

அறக்கட்டளைச் சொற்பொழிவுகளைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பல சங்கங்களில் அவை சத்தமில்லாமல் நின்றுபோகின்றன. மறைந்த ஒரு பேராசிரியரின் பெயரில் குடும்பத்தார் 2 லட்சம் தருகிறார்கள். 9 சதவீத வட்டி இருந்த காலத்தில் ஆண்டுக்கு 18,000. வட்டி 5 சதவீதத்துக்கு இறங்கியபோது 10,000. பேச்சாளரின் பயணச் செலவுக்கே அது போதாது. வாங்கும்போதே கடிதத்தில் இரண்டு நிபந்தனை எழுதிக்கொள்ளுங்கள்: வட்டியில் ஐந்தில் ஒரு பங்கு அசலோடு சேரும், வட்டி போதாத காலத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும். வைப்பும் வரிச் சட்டம் அனுமதித்த இடங்களில்தான் இருக்க வேண்டும்: வணிக வங்கி, அஞ்சலகம், அரசுப் பத்திரம் போன்றவை. அதிக வட்டி என்று தனியார் கம்பெனி வைப்பில் போட்டால் வரிவிலக்குக்கே ஆபத்து.

ஆண்டு முடிவில் வரிவிலக்குக்கான 85 சதவீதக் கணக்கு வரும். 12 லட்சம் வருமானம் என்றால் 10,20,000 அந்த ஆண்டிலேயே நோக்கத்துக்குச் செலவாகியிருக்க வேண்டும். பில் வந்தது போதாது, பணம் போயிருக்க வேண்டும். மார்ச்சில் அச்சான இதழுக்கு ஏப்ரலில் காசோலை கொடுத்தால் அது அடுத்த ஆண்டுச் செலவு. 8 லட்சம்தான் செலவானது, 2,20,000 குறைகிறது என்றால் படிவம் 10 மூலம் ஐந்தாண்டு வரை ஒதுக்கி வைக்கலாம். ‘சங்க நோக்கங்களுக்காக’ என்று பொதுவாக எழுதினால் அதிகாரி ஏற்கமாட்டார். ‘மாணவர் பயிற்சி அறைக்குப் பொருள் சோதனை இயந்திரம் வாங்க’ என்று தீர்மானத்தில் குறிப்பாக இருக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. 2025-26 கணக்குக்குப் பழைய எண்களே: நன்கொடைப் பட்டியல் 10பிடி மே 31, தவறினால் நாளுக்கு 200 ரூபாய், படிவம் 10 ஆகஸ்ட் 31, தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30, வருமான வரி அறிக்கையான ஐடிஆர்-7 அக்டோபர் 31. ஒரு கிளை ஜூலை வரை கணக்கு அனுப்பாவிட்டால் தலைமையகத்தின் தணிக்கை தள்ளிப்போகும். ஒரே பான் என்பதால் ஒரு கிளையின் தாமதம் எல்லோருடைய வரிவிலக்கையும் இழுத்துவிடும்.

பயிற்சியும் ஆலோசனையும் நன்றாக ஓடும் சங்கங்களுக்கு இன்னொரு கோடு உண்டு. பொதுநலன் என்ற வகையில் பதிவான அமைப்பின் வணிகத்தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டு விலக்குப் போய்விடும். அடக்கவிலையோ அதற்கு மேல் சிறிதளவோ வாங்குவது வணிகமாகாது என்று 2022 அக்டோபரில் அகமதாபாத் நகர வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்கும் அடக்கவிலைத் தாள் ஒன்று கோப்பில் இருக்கட்டும்: பயிற்றுநர் கட்டணம், அறை, பாடக்குறிப்பு, அலுவலகப் பங்கு. விசாரணை வரும்போது காட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.

பொருளாளர் மாறும்போது சாவியும் ரசீதுப் புத்தகமும் கைமாறுகின்றன. செல்பேசி எண் மாறுவதில்லை. வருமான வரித் தளம், ஜிஎஸ்டி தளம், வங்கி எல்லாம் பழையவரின் எண்ணுக்கே ஓடிபி அனுப்பிக்கொண்டிருக்கும். அவர் பேரனைப் பார்க்க வெளிநாடு போயிருக்கும் வாரத்தில்தான் ஜிஎஸ்டி கடைசி நாள் வரும். சங்கத்தின் பெயரில் ஒரு சிம்மும் ஒரு மின்னஞ்சலும் வாங்கி அலுவலகத்திலேயே வையுங்கள். பொதுக்குழு முடிந்த வாரமே வங்கிக் கையெழுத்து மாற்றத் தீர்மானம், புதிய நிர்வாகிகள் விவரம் சங்கப் பதிவாளருக்கு, இரண்டு வரித் தளங்களிலும் பொறுப்பாளர் பெயர் மாற்றம், டிஜிட்டல் கையொப்பம், வைப்பு ரசீதுகளின் முதிர்வுத் தேதிப் பட்டியல், ஆயுள் உறுப்பினர் பதிவேடு: இந்த ஆறையும் ஒரே தாளில் எழுதிப் பழையவரும் புதியவரும் கையெழுத்துப் போடட்டும்.